கழிவு மெஷினில் கிடந்த சுண்ணாம்பு டப்பி

இன்று காலை சமையலறையில் இருந்தவர்கள்: மருமகள் கவிதா, எலக்ட்ரீஷியன் பழனி, தனலட்சுமி ஆகிய நான்.

சமையலறையைப் புதுப்பித்தபோது, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கழிவு அரைக்கும் மெஷினைப் பொருத்தியவன் பழனிதான். நேற்று அது நின்றுவிட்டது.

இன்று அவன் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"இட ஒதுக்கீட்டு மறியல்ல உங்கப்பன் ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டான். என் பொண்ணு கல்யாண வேன் பொழுதுக்கும் நின்னுக்கினு இருந்துச்சு. அவன் புள்ள செஞ்ச வேல இன்னா லட்சணத்துல இருக்கும்?"

பழனி தொட்டிக்கு அடியில் குனிந்தான். மெஷினைக் கழற்றி, உள்ளிருந்து எதையோ எடுத்து, கவிதாவுக்குத் தெரியாமல் என் கையில் வைத்து மூடினான்.

நேற்றிலிருந்து நான் தேடும் சுண்ணாம்பு டப்பி. நசுங்கிக் கிடந்தது.

"என் தப்புதாங்க்கா" என்றான் கவிதாவிடம். "லைட்டு சுவிட்ச் பக்கத்துலயே மெஷின் சுவிட்சயும் வெச்சிட்டேன். யாரா இருந்தாலும் மாத்திப் போட்டுடுவாங்க. தள்ளி வெச்சிட்றேன்."

"மொதல்லயே யோசிக்க மாட்டியா?" என்று கவிதா அவனைத் திட்டினாள்.

நான் சுண்ணாம்பில்லாத வெற்றிலையை மென்றபடி நின்றேன்.

"வரேங்க ஆயா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

கவிதா, இதைப் படித்தால் என்னைத் திட்டு. மற்றவர்களும் திட்டலாம்.

அவன் அப்பன் மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் நான் மன்னிக்கவே முடியாதது, டப்பி என்னுடையது என்று சொல்ல இன்று வாயைத் திறக்காத தனலட்சுமியைத்தான்.