கேட்காமல் வரைந்த காயம்

அரசுப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை இளங்கலை மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். உருவ ஓவிய வகுப்பில் எங்கள் முன்னால் மாடலாக உட்காரப் பல்லாவரத்திலிருந்து ஓர் அக்கா வருவார். புடவை கட்டிக்கொண்டுதான் உட்காருவார். ஆனாலும் கணவரிடம் கல்லூரியில் பெருக்கித் துடைக்கும் வேலை என்று சொல்லிவைத்திருந்தார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை இடது கண் வீங்கி, கன்னம் கறுத்துப்போய் வந்தார். பேராசிரியர் வேண்டுமானால் திரும்பி உட்காரச் சொன்னார்.

"இன்னா சார், முதுகக் காட்டவா அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகினு கீறேன்?" என்று நேராகவே உட்கார்ந்தார்.

கரித்துண்டால் வரைந்தேன். அந்தக் காயத்தை வரைந்த கவனத்தோடு அதுவரை எதையுமே வரைந்ததில்லை. சொல்ல இப்போதும் கூசுகிறது. மாலை ரயிலில் நின்றபடியே படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டேன். அவரைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை.

வியாழக்கிழமை காலை அவர் கணவர் வகுப்புக்குள் வந்தார். கையில் போன், திரையில் நான் வரைந்த படம்.

"எவன்டா இத வரைஞ்சது? தெருவே பாத்துச் சிரிக்குது!"

பதிலுக்கு நிற்காமல் அக்காவின் கொண்டையைப் பிடித்து ஸ்டூலிலிருந்து கீழே இழுத்துப் போட்டு வயிற்றில் மிதித்தார். நான் குறுக்கே போனேன். வீரமெல்லாம் இல்லை, நான்தான் பக்கத்தில் இருந்தேன். படம் வைக்கும் மர ஸ்டாண்டைத் தூக்கி என்மேல் இறக்கினார். கையால் தடுத்தேன். வலிக்கும் முன்னால் மணிக்கட்டு முறிந்த சத்தம் கேட்டது. அடுத்த அடி தோளில். மூன்றாவதாக ஓங்கியபோது அக்கா எழுந்து ஸ்டூலால் அவர் பின்மண்டையில் அடித்தார். அவர் முழங்காலிட்டு விழுந்த பிறகும் அடித்தார். அக்காவை நான்கு பேர் பிடித்தும் திமிறினார்.

"வுடுங்க! பதினோரு வருசமா வாங்கியிருக்கேன்!"

கணவருக்குத் தலையில் தையல். எனக்குத் தாம்பரத்தில் மாவுக்கட்டு.

மூன்றாம் நாள் பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுக்கு அக்கா வந்தார். அம்மா கொடுத்த காபியைத் தொடவில்லை.

"அவன் அடிச்சது எங்க வூட்டோட இருந்துச்சு. நீ ஊருக்கே காட்டிட்ட. என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"தப்புதான்க்கா."

"சொல்லிட்டா ஆச்சா? அந்தப் படம் எங்க கீது? எடு. ஸ்டேஷனுக்குப் போவணும். அன்னிக்கு கண்ணு வீங்க அடிச்சதுக்கு என்கிட்ட வேற அத்தாட்சி எதுவும் இல்ல."

ஸ்டேஷனில் எஸ்.ஐ. படத்தைத் தூக்கிப் பார்த்தார். "இது படம்மா. மனசுல தோணுறத வரைவாங்க. இத வெச்சு கேஸ் எழுத முடியாது."

"பாத்ததத்தான் வரைஞ்சேன் சார். வகுப்புல இருபது பேர் பாத்தாங்க. நான் சாட்சி சொல்றேன், எழுதிக்கோங்க" என்றேன்.

வலது கை கட்டில் இருந்ததால் வாக்குமூலத்தின் அடியில் இடது பெருவிரலை உருட்டினேன். கணவரும் அக்காமேல் புகார் கொடுத்தார். இரண்டு வழக்கும் இன்னும் நடக்கின்றன.

அந்தப் பருவத்துச் செய்முறைத் தேர்வை மறு வருடம்தான் முடித்தேன். மணிக்கட்டு சற்றுக் கோணலாகவே கூடிவிட்டது. அக்கா பள்ளிக்கரணையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். வகுப்புக்கு மறுபடி வரவேயில்லை. வாய்தா நாட்களில் கோர்ட் வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். என் அம்மாவோடு நன்றாகப் பேசுகிறார். என்னோடு பேசுவதில்லை.