கலப்பில்லாத போத்தல்

ஐம்பதுகளின் கடைசியில் நான் உருத்திரபுரத்தில் ஆசிரியனாக இருந்தபோது, என் அலுமாரியில் ஆங்கில நாவல்களுக்குப் பின்னால் ஒரு ஸ்கொட்ச் விஸ்கிப் போத்தல் நின்றது. என்னுடையதல்ல. நீர்ப்பாசன ஓவசியராக இருந்த நண்பனுடையது. ஊர் திரும்பிய வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர், போத்தலைத் திறந்து அவனோடு ஆளுக்கொரு மிடறு குடித்துவிட்டு மிச்சத்தை அவனுக்கே கொடுத்துப் போனார். சிங்கிள் மோல்ற். ஒரே வடிசாலைச் சரக்கு, வேறெதுவும் கலவாதது. நண்பனின் மனைவி சைவப்பழம்; சுவாமிப் படம் இருக்கிற வீட்டுக்குள் அது வரக்கூடாது என்றுவிட்டார். ஆகவே ஊரிலேயே நம்பிக்கையான மனிதரிடம் அதை ஒப்படைத்தான். ஆளை மதிப்பிடுவதில் அவன் எப்போதும் மோசம்.

அவனுக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வருகிற அன்று இருவருமாகக் குடிப்பது என்று பேச்சு. அதுவரை அந்த ஒரு மிடறைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தான். உருத்திரபுரக் குடியேற்றத்துக்காகக் காடு வெட்டிக் கொளுத்தியபோது நின்று மேற்பார்த்தவன் அவன்.

“ஐசே, நான் எரிச்ச காடு அதுக்குள்ள நிக்குது” என்பான்.

நான் எதைச் சொன்னாலும் மறுப்பது அவன் பொழுதுபோக்கு. அவன் சொன்னதைச் சரிபார்ப்பது என் கடமை என்று எடுத்துக்கொண்டேன். முதல் நாள் ஒரு தேக்கரண்டி. குறைந்த அளவுக்குப் பால் விடாத வெறுந்தேத்தண்ணி விட்டேன்; நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆராய்ச்சி தொடர்ந்தது. இரண்டு வருடத்தில் ஸ்கொட்லாந்து என் வயிற்றுக்குள்ளும், தேயிலை விளையும் ஹற்றன் போத்தலுக்குள்ளும் குடிபுகுந்தன.

ஒரு மத்தியானம் வாய்க்கால் கட்டில் இருந்தபடியே அவன் செத்துப்போனான். மாற்றம் வரவேயில்லை.

எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்து, அறைக்கதவைச் சாத்தி, அவர் வந்து சாப்பிட்டுப் போகும்வரை வெளியே காத்திருப்பது எங்கள் வழக்கம். போத்தல் வேண்டுமென்று அவன் மனைவி ஆள் அனுப்பினார். உடைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கொண்டுபோனேன்.

வீட்டுக்குள் வரக்கூடாது என்றவர் தானே கிளாசில் ஊற்றினார். முகர்ந்து பார்த்தார்.

“இவர் சொல்லுற புகை மணம் இல்லையே, மாஸ்ரர்?”

காலம் போனால் மணமும் போகும் என்று சொல்ல வாயெடுத்தேன். மாலை போட்ட படத்திலிருந்து அவன் பார்த்தான். மறுக்கத் தயாராக இருக்கும் அதே முகம். உண்மையைச் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. கிளாசைக் கொண்டுபோய்ப் படையலோடு வைத்தார்.

“அப்ப அந்த ருசி உங்களிட்டைத்தான் இருக்கு. உள்ளுக்குப் போய் அவருக்குச் சொல்லுங்கோ.”

கதவைச் சாத்தினார்.

விளக்கு, சோறு, அயல்வீட்டில் சமைத்த மீன்குழம்பு, ஒரு கிளாஸ் தேத்தண்ணி, நான். வகுப்பில் பேய்க்கதைகளைக் கிண்டலடிப்பவன் தொண்டையைச் செருமிக்கொண்டேன். முதலில் புகை என்றேன். எரிகிற நெருப்பின் புகையல்ல, அடுத்த நாள் மழை விழுந்த சாம்பலின் மணம். பிறகு உப்பு, முல்லைத்தீவுக் கரையில் காயும் கடற்பாசி. அதன் பின்னால் ஆஸ்பத்திரி அயடீன். குளத்துத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டால், அதுவரை ஒளிந்திருந்த காட்டுத்தேன் வெளியே வரும். விழுங்கி வெகு நேரத்துக்குப் பிறகு புகை திரும்பிவந்து தொண்டையில் குந்திக்கொள்ளும்.

“நீர் சொன்னது சரிதான், ஐசே. காடு நிக்குது.”

மறுப்பான் என்று காத்திருந்தேன். அவன் மறுக்காமல் விட்டது அன்றைக்குத்தான். கதவைத் தட்டினேன்.

“என்ன சொன்னவர்?” என்று கேட்டார்.

“ஒண்டும் சொல்லேல்லை.”

“அவர் அப்பிடி இருக்கிற ஆள் இல்லையே” என்றபடி மூக்குப்பேணியில் வெறுந்தேத்தண்ணி தந்தார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனதும் மழை நனைத்த சாம்பல் மணத்தது. குசினியில் விறகடுப்பு, அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு போன வீடுகளின் தேத்தண்ணியிலெல்லாம் அதே சாம்பல் மணக்க, அப்படியே சொல்லிவந்தேன். எல்லா வீட்டிலும் விறகடுப்புத்தானே.

பிறகு கொழும்பில் ஒரு வீட்டில், மின்னடுப்பில் கொதித்த தேத்தண்ணியிலும் அது இருந்தது.