வாத்தியம் இல்லாத குரூப்

வடக்குப்பட்டுக்குள் திரும்பும் சாலையில், ஒரு டீக்காக வண்டியை நிறுத்துகிறேன். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நான்கு பேர் கடை ஓரத்தில் பாடிக்கொண்டிருக்கிறார்கள். கிடார் இல்லை, போனிலும் இசை இல்லை. ஒருத்தி பாட, இரண்டு பேர் அடிக்குரலில் இழுக்க, ஒருவன் உதட்டாலேயே தாளம் போடுகிறான். பாதியில் சுருதி இறங்கிவிடுகிறது. தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். மறுபடியும் அதே இடத்தில் இறங்குகிறது.

"பஸ் வந்ததும் உள்ள உட்கார்ந்து நிதானமா பாடலாமே?" என்கிறேன்.

"பஸ்ல சூப்பரா வருதுக்கா. அதான் பிரச்சினையே," என்கிறாள் பாடுகிற மெர்சி. "டெய்லி அதுலதான் பிராக்டிஸ். போன மாசம் மறைமலை நகர் சர்ச்சுல போட்டி. மேடை ஏறுனா ஒரே அமைதி. ஆளுக்கு ஒரு பக்கம் போய்ட்டோம். வாத்தியமே இல்லாத குரூப்புன்னு பீத்திக்கினு இருந்தோம். எஞ்சின் சத்தந்தான் எங்க வாத்தியம்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே மேடையில் மறுபடி பாட வேண்டுமாம்.

மீண்டும் ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் பஸ் உறுமிக்கொண்டு வந்து நிற்கிறது. குரல்கள் நான்கும் உடனே ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. மெர்சிக்கு எரிச்சல்; பாட்டை நிறுத்திவிட்டுப் பையை எடுக்கிறாள்.

தினமும் இவர்கள் பாட்டைக் கேட்டு ஓட்டும் டிரைவர் சன்னல் வழியே பார்க்கிறார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கிறார்.

"இன்னாம்மா, பாடு."

பஸ்ஸுக்குள் இருப்பவர்களும் பேச்சை நிறுத்துகிறார்கள். மெர்சி மூச்சை இழுத்துத் தொடங்குகிறாள். பாட்டு, சுருதி இறங்கும் அந்த இடத்தை நெருங்குகிறது. கையிலிருக்கும் டீயை உறிஞ்சக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது.