மூன்றாவது ரவுண்டில் இறங்கிய கை

மூன்றாவது ரவுண்டுக்கு மணி அடித்ததும் மாமாவின் இடது கை முகத்தை விட்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எழுபதுகளில் ராயப்பேட்டைப் பக்கம் நடந்த குத்துச்சண்டைகளில் அவர் ஹெவிவெயிட்டில் ஆடியதையெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். மாமா என் அம்மாவின் கடைசித் தம்பி, என் அண்ணனைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்.

இத்தனை வருடம் கழித்து நியாயமாகச் சொன்னால், அந்தக் காலில் இருந்த வேகம் வேறெந்த ஹெவிவெயிட்டுக்கும் கிடையாது. எதிராளி கையை ஓங்குவதற்குள் ஆள் அங்கே இருக்க மாட்டார். இடது கைக் குத்து நறுக்கென்று விழும். முதல் இரண்டு ரவுண்டும் அவருடையதுதான். குறை என்னவென்றால், குத்தில் கனம் போதாது. தடியன்கள் கட்டிப் பிடித்து மேலே சாய்ந்தால் அவருக்கு மூச்சு வாங்கிவிடும். கை இறங்கும், தோற்றுப்போவார். ஜெயித்துக்கொண்டிருந்தவர் தோற்றால் ஊர் சும்மா இருக்குமா?

"இன்னா நைனா, உங்க மாமா ஆட்டத்த வித்துட்டாரு போல கீதே" என்று டீக்கடையில் கேட்டார்கள். நானும் நம்பினேன். அவர் புதுச்சட்டை போட்டால்கூட அது எங்கிருந்து வந்தது என்று யோசிப்பேன். அண்ணன் அதற்கு ஒரு படி கீழே, லைட் ஹெவிவெயிட்டில் மாநில அணிக்குப் போய், அதை வைத்தே அரசு வேலையும் வாங்கிவிட்டான். மாமா தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றின் வாசலில் காவலாளியாக நின்றே காலத்தை ஓட்டினார்.

சமீபத்தில் மாமாவின் காரியம் முடிந்து, கே.கே. நகரில் அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "மாமன் எங்கடா ஹெவிவெயிட்டு? நாங்க ரெண்டு பேரும் ஒரே எடை. மோதினா நான் காலின்னு அவருக்குத் தெரியும். 'நீ இங்கயே ஆடு, நான் மேல போறேன்'னாரு. அங்க எடை பத்தாதுன்னு வாழப்பழமா முழுங்கி, வயிறு முட்ட தண்ணி குடிச்சிக்கினு போய் எடை மிஷின்ல நிப்பாரு."

இலையிலிருந்து கையை எடுத்தேன்.

"வித்துட்டாருன்னு ஊரே பேசிச்சே, நீ ஏண்ணா வாயத் தொறக்கல?"

"தொறந்தா அவர கீழ என் எடைக்கே எறக்கியிருப்பாங்க, என் எடம் போயிருக்கும்டா."

"வேல கெடச்சப்புறம்?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரசம் ஊத்திக்க, ஆறிடப் போவுது" என்றான்.

டீக்கடையில் அந்தப் பேச்சை முதலில் கிளப்பியது யார் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.