லோரியில் போன நாய்

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் குழாயடியில் கால் கழுவும்போது அது கடித்தது. நாங்கள் எல்லோரும் சோறு போட்டு வளர்த்த கறுப்பு நாய். கெண்டைக்காலில் பல் இறங்கிய பிறகும் என்னால் நம்ப முடியவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, காயத்தில் காப்பித்தூளை அப்பித் துணியால் கட்டினாள். எங்கள் லயத்தில் வெட்டோ கடியோ, முதல் வைத்தியம் அதுதான். நானும் பெரிய புத்திசாலிபோல் கொழுந்து வெட்டக் கிளம்பினேன். கங்காணிதான் விரட்டாத குறையாகத் தோட்டத்துக் கிளினிக்குக்கு அனுப்பினார்.

அங்கே காயத்துக்கு மருந்து போடும் டிரெசர், கட்டை அவிழ்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, கால் மணி நேரம் காயத்தைக் கழுவிவிட்டு, தானா ராத்தா டவுன் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்.

ஊசி போட்ட டாக்டர், நாய் இருக்கிறதா என்று கேட்டார். கட்டிவைத்துப் பத்து நாள் பார்க்க வேண்டுமாம். அது நன்றாக இருந்தால் பயமில்லை. வெறிநோய் என்றால் தெரியவே மாதக்கணக்கில் ஆகலாம், வந்துவிட்டால் பிழைப்பதில்லை, ஒரு ஊசியும் தவறக்கூடாது என்றார். நாய் கோயில் வாசலில்தான் படுத்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திரும்பினேன்.

என் வீட்டுக்காரர் பெருமையோடு வாசலில் நின்றார்.

"இனிமே அது கடிக்காதுலா. சாக்குல கட்டி காய்கறி லோரில ஏத்தி விட்டுட்டேன்."

கடிக்கிற நாயைக் கொல்ல மனமில்லாமல் இப்படி அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. போன் போட்டுக் கேட்டால், திரிங்காப் ஊர் தாண்டி எங்கோ சாக்கை அவிழ்த்துவிட்டதாக லோரிக்காரர் சொன்னார்.

பத்து நாளும் வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் போய்த் தேடினார். கிடைக்கவில்லை. நோய் வந்தால் தண்ணீர் இறங்காது என்று யாரோ சொல்லிவைக்க, தினமும் காலையில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு வந்து நிற்பார். நான் விழுங்கும்வரை என் தொண்டையையே பார்ப்பார். ஊசிகள் முடிந்தும் விடவில்லை. எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவர் எழுவதற்கு முன்பே அடுப்படியில் ஒரு மிடறு குடித்துப் பார்த்திருப்பேன்.

ஒருநாள் புரையேறியது. இருமி நிமிர்ந்தால் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நாந்தான் ஒன்ன கொன்னுட்டேன்."

மிச்சத் தண்ணீரைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, இன்னொரு கிளாஸ் ஊற்றச் சொன்னேன்.