மகளின் வாயில் மாம்பழ வாசனை

என் மகளுக்கு நான்கு வயது முடிந்திருந்த அந்தச் சித்திரை மாதத்தில், எனக்குத் தெரியாமல் யாரோ அவளுக்கு வாய்வழியாக எதையோ கொடுக்கிறார்கள் என்று சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

அவளுக்குச் சரியாக விழுங்க வராது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் வந்த பாதிப்பு. வாயில் போடுவது இரைப்பைக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று தஞ்சாவூர் டாக்டர் படம் வரைந்து காட்டியிருந்தார். அதனால் வயிற்றில் துளையிட்டு ஒரு குழாய் வைத்திருந்தார்கள். கஞ்சி, பால், வலிப்பு மருந்து எல்லாவற்றையும் பெரிய சிரிஞ்சில் எடுத்து அதன் வழியாகத்தான் விடுவோம்.

நான் வலங்கைமானில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் வீடு. அதுவரை அவளைப் பார்த்துக்கொள்வது என் கணவரின் அக்கா. கணவரை இழந்து எங்களோடு வந்து இருந்தவர். குழாயைக் கழுவுவதிலிருந்து சளி உறிஞ்சும் மிஷினை இயக்குவதுவரை எல்லாம் கற்றுக்கொண்டிருந்தார்.

முதலில் கண்ணில் பட்டது எறும்பு. அவள் கழுத்தருகே சட்டைப் பட்டியில் சிற்றெறும்புகள் ஊர்ந்தன. வயிற்றுக் குழாயில் சாப்பிடுகிற குழந்தையின் கழுத்தில் எறும்புக்கு என்ன வேலை? அடுத்த வாரம், காலையில் நான் போட்டுவிட்ட கவுன் துவைத்துக் கொடியில் கிடந்தது.

“ஏன் அண்ணி கவுன மாத்துனீங்க?”

“எச்சி வடிஞ்சுதும்மா. நாறுமேன்னு மாத்துனேன்.”

எச்சில் தினமும்தான் வடியும். கழுத்தில் துணி கட்டுவோமே தவிர, அதற்காக யாரும் கவுன் மாற்றியதில்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னதும் எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தது. நெஞ்சில் கரகரவென்று சத்தம். மூச்சுக்குத் தவித்தவளைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுக் கேட்டார், “வாயில ஏதாவது குடுத்தீங்களா?”

“இல்ல சார்” என்றேன். பக்கத்தில் நின்ற அண்ணி புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அண்ணியை மட்டும்தான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நானே வேறு ஆளாகிவிட்டேன். தேன் பாட்டிலைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கைகால் கழுவுவதற்கு முன்னால் குழந்தையின் வாயருகே முகத்தை வைத்து மோந்து பார்த்தேன். கொஞ்சுகிறேன் என்று பக்கத்து வீட்டார் நினைத்திருப்பார்கள். ஒருநாள் மாம்பழ வாசனை தெளிவாக வந்தது. அண்ணியிடம் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார் என்று காத்திருந்தேன்.

பரீட்சை நடந்த ஒருநாள் மத்தியானமே விட்டுவிட்டார்கள். போன் செய்யாமல் பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் செருப்பை ஓசைப்படாமல் கழற்றினேன். உள்ளே பேச்சுக்குரல்.

“இன்னும் கொஞ்சூண்டு. ம்... பாரு, எப்படி சப்புறா பாரு.”

என் கணவர். உளுந்து பிடுங்க ஆள் விட்டிருக்கிறேன் என்று வயலுக்குப் போனவர். முழங்கால்வரை புழுதியோடு தரையில் உட்கார்ந்து, மகளை மடியில் சாய்த்து, மாம்பழச் சாற்றில் விரலைத் தோய்த்து அவள் நாக்கில் தடவிக்கொண்டிருந்தார். அண்ணி ஈரத்துணியோடு பக்கத்திலேயே நின்றார்.

நான் குழந்தையைப் பிடுங்கி நிமிர்த்தி உட்காரவைத்தேன். அவள் இருமினாள். மிஷினைப் போட்டு உறிஞ்சினேன்.

“ஆஸ்பத்திரியில அவ மூச்சுக்குத் தவிச்சதப் பார்த்துட்டும் இப்படிப் பண்றீங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார், “இனிப்புன்னா என்னன்னே தெரியாம இருக்காளேன்னுதான். மாம்பழம்னா அவ மொகம் மாறுது. நீ பாத்ததில்ல.”

“உயிர் போனா மொகத்த எங்க பாக்கிறது?”

அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அண்ணிமேல்தான் எனக்கு அதிகக் கோபம். “ஏன் என்கிட்ட சொல்லல?”

“வேணாம்டான்னு எத்தனையோ தடவ சொல்லிப் பாத்துட்டேன். கேக்கல. நான் இல்லாதப்ப குடுத்து ஏதாவது ஆயிடப் போவுதேன்னு கூடவே நின்னேன்” என்றார். பிறகு மெதுவாக, “நீ எம்மேல சந்தேகப்பட்டதும் தெரியும். எம்மேல படுறவரைக்கும் உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வராதுல்ல” என்றார்.

அது பெருந்தன்மையா, இன்னொரு ஏமாற்றா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை.

அடுத்த முறை தஞ்சாவூர் போனபோது டாக்டரிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டத்தான் செய்தார். பிறகு விழுங்கும் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் அனுப்பினார். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, மாம்பழச் சாற்றில் பஞ்சை நனைத்து, ஒட்டப் பிழிந்துவிட்டு, உதட்டில் மட்டும் தொட்டு எடுக்க அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தார். நெஞ்சில் சளி இல்லாத நாட்களில் மட்டும். நான் இருக்கும்போது மட்டும். கடைசி நிபந்தனை என்னுடையது.

முதல் ஞாயிற்றுக்கிழமை என் கையாலேயே தொட்டுவைத்தேன். அவள் புருவம் உயர்ந்தது. உதடுகளை ஒன்றோடொன்று அழுத்தி வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு சிரித்தாள். என் கணவர் சொன்ன முகம் அதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது நெஞ்சு தெளிவாக இருக்கிறது. ஆனால் நாங்கள் சாப்பிடும்போது அவள் எங்கள் தட்டுகளின் பக்கம் தலையைத் திருப்புகிறாள். முன்பெல்லாம் திருப்ப மாட்டாள். அண்ணியும் அவரும் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். நான் அவர்கள் இருவரின் கைகளையும் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறேன்.