அப்பா பார்த்த ஐஸ் ஹொக்கி

அப்பாவோடு நாலு பேர் கூடும் இடத்துக்குப் போனால் மானம் போகும் என்பது பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று அவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

அண்ணா ஐஸ் ஹொக்கியில் முன்வரிசை ஆட்டக்காரன். அந்தக் குளிர்காலம் சம்பளத்துக்கு விளையாடும் பெரிய அணியொன்று அவனைத் தற்காலிகமாகச் சேர்த்துச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைய ஆட்டம் சரிவந்தால் ஒப்பந்தம். வேர்வை நாறும் பையைச் சாமியறைப் பக்கம் வைத்து அம்மாவிடம் ஏச்சு வாங்கிய வருடங்களெல்லாம் இதற்காகத்தான்.

சனி ஞாயிறும் வேலை என்று ஓர் ஆட்டமும் பார்த்திராத அப்பா, அன்று லீவு போட்டுவிட்டு வந்தார். ஊரில் அவர் வொலிபோல் எனும் கரப்பந்து ஆட்டக்காரர். அங்கே ஒருவனை வெளியே கூப்பிட்டால் அவன் சரியில்லை என்று அர்த்தம். ஐஸ் ஹொக்கியிலோ ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வாங்கிவிடும். எல்லோரும் மாறி மாறித்தான் இறங்குவார்கள். இதை அவருக்கு விளங்கப்படுத்தும் தண்டனை எனக்கு.

அண்ணா முதல் தடவை தளத்தோரத்து வாங்கில் வந்து உட்கார்ந்ததுமே அப்பா தொடங்கிவிட்டார்.

“என்னத்துக்கு இப்ப பிள்ளையை வெளியிலை எடுத்தவன்?”

“எல்லாரும் மாறுவினம் அப்பா. அங்கை பாருங்கோ, அந்த வெள்ளைக்காரப் பெடியனும் வந்து இருக்கிறான்.”

“நீ சும்மா இரு பிள்ளை. கறுப்பன் எண்டுதான் இருத்திறாங்கள்.”

எழும்பி நின்று, தனக்குத் தெரிந்த நோர்வீஜிய மொழியில் பயிற்சியாளரைப் பார்த்துக் கத்தினார். சனம் முழுக்கத் திரும்பியது. நான் அவருடைய ஜக்கெட்டைப் பிடித்து இழுத்தேன். அண்ணா திரும்பி வரும்போதெல்லாம் அதே கூத்து.

கடைசிப் பகுதியில் ஒருவழியாக அடங்கினார். கைகளைத் தொடைக்கிடையில் செருகிக்கொண்டு வாங்கையே பார்த்தபடி இருந்தார். அப்பாடா என்று நான் சிப்ஸ் தின்றேன்.

ஆட்டம் முடிந்து காரில் வீட்டுக்குப் புறப்பட்டோம். ஹவுகெட்டோ என்ற இடம் தாண்டியதும் அண்ணா மெல்லச் சொன்னான்:

“எல்லாரும் மாறி மாறித்தானப்பா விளையாடுறது.”

“ஓம் தம்பி. இப்ப எனக்கு விளங்கீட்டுது.”

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. நான் தொண்டை கிழியச் சொன்னபோது ஏறாதது, இவன் ஒருதரம் சொன்னதும் ஏறிவிட்டதாம்!

அதன்பின் அந்த அணி அண்ணாவைக் கூப்பிடவில்லை. கடைசிப் பகுதியில் மற்றவர்களெல்லாம் இறங்கி ஏற, தன்னை மட்டும் ஒருமுறைகூட இறக்கவில்லை என்று வளர்ந்த பிறகு அவன் சொல்லித்தான் அறிந்தேன். விளையாட்டு விளங்கிய நான் அதைக் கவனிக்கவில்லை. அப்பா கவனித்திருக்கிறார். இல்லாததற்கெல்லாம் கத்திய மனுசன், உண்மையாகவே மகனை இருத்தி வைத்தபோது ஒரு சொல்லும் பேசாமல் இருந்திருக்கிறார்.